சுவைஞர் பேரவை மதுரைக்குச் சாப்பிடப் போனது

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் அடைக்கலத்துக்கு எரிந்துபோன மோட்டாரைக் கண்டால் பயம் கிடையாது. மனைவி அன்புமொழி பேசாமல் இருந்தால்தான் பயம். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் ரசத்தை ஊற்றிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன அன்பு?”

“ஒண்ணுமில்ல.”

இரண்டாவது தரம் கேட்டதும் சொல்லிவிட்டாள். அவளுக்கு வல்லத்திராக்கோட்டைப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் சமையல் வேலை. காலையில் வீட்டுக்குச் சமைத்துவிட்டுப் போய், மத்தியானம் பிள்ளைகளுக்குச் சமைத்து, சாயந்தரம் திரும்பி வந்து மறுபடி வீட்டு அடுப்பைப் பற்றவைப்பாள்.

“கல்யாணம் ஆனதுலேருந்து நான் ஆக்காத சோத்த நான் தின்னதே கெடையாது. கொழம்பு கொதிக்கிறப்பவே வாசனையில பாதி வயிறு ரொம்பிருது. அப்புறம் தட்டுல போட்டா அதுல எனக்குத் தெரியாதது என்ன இருக்கு? ஒரு சனி ஞாயிறு மதுரைக்குப் போவோங்க. அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாத எடத்துல ஒக்காந்து திங்கணும். யாராச்சும் கொண்டாந்து வைக்கணும். அம்புட்டுத்தான்.”

“இதுக்கா இப்புடி மொகத்தத் தூக்கி வச்சிருந்த? போயிருவோம்” என்றான் அடைக்கலம். சொல்லிவிட்டுப் படுத்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. மதுரையில் அவனுக்குத் தெரிந்தது செம்புக்கம்பி விற்கும் ஒரே ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒரு டீக்கடை. இருபது வருசத்தில் பெண்டாட்டி கேட்ட முதல் ஆசைக்கு அந்த டீக்கடையில் கொண்டுபோய் உட்கார வைக்க முடியுமா?

மறுநாள் பட்டறையில் போனைத் திறந்து மதுரைச் சாப்பாட்டு வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தான். தாடி வைத்த ஒருவர், இந்தக் கடையில் கறி தோசை சாப்பிடாதவன் மனிதனே இல்லை என்றார். தாடி வைக்காத ஒருவர், அந்தக் கடைக்குப் போகிறவனைத்தான் அப்படிச் சொல்ல வேண்டும் என்றார். மூன்றாவது ஆள் வாயில் எலும்போடு பேசியதால் என்ன சொன்னார் என்று விளங்கவில்லை, ஆனால் அழுதார். வாரக் கடைசியில் அடைக்கலத்துக்கு நல்ல கடை எது, மோசமான கடை எது என்பதோடு, தனக்குப் பசிக்கிறதா இல்லையா என்பதிலும் சந்தேகம் வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் குணசேகரன் தன் கிணற்று மோட்டாரை எடுத்துப்போக வந்தார். ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர். எதைக் கண்காணித்தார் என்று ஆலங்குடியில் யாருக்கும் தெரியாது. சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா வைத்திருப்பார். அடைக்கலம் விசயத்தைச் சொன்னதும் அவர் மோட்டாரைக் கீழே வைத்துவிட்டார்.

“திட்டமில்லாம மதுரையில போயிச் சாப்பிடப் போறீங்களா? சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு? தம்பி, அது எவ்வளவு பெரிய ஆபத்து தெரியுமா? நாங்க எதுக்கு இருக்கோம்?”

“நீங்கன்னா யாருங்க?”

“புதுக்கோட்டை மாவட்டச் சுவைஞர் பேரவை. நான் செயலாளர். எங்க சாப்பிடறது, என்ன குடிக்கிறது, எதுக்கு அப்புறம் எதுங்கிறதை விஞ்ஞானபூர்வமா முடிவு பண்ணுற ஒரே அமைப்பு. இப்ப மதுரைப் பயணம்தான் பரிசீலனையில இருக்கு. உங்க அதிர்ஷ்டம். ரெண்டு பேரும் உறுப்பினராச் சேந்துருங்க.”

அடைக்கலத்துக்குத் தலையில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. மேடையில் ஐந்து நாற்காலி, எதிரே ஏழு பேர். பேரவையின் தலைவர் வெற்றிசெல்வன் வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத துண்டுமாக நடுவில் இருந்தார். அவருக்குச் ‘சுவைச் செம்மல்’ என்று பட்டம் உண்டு. பட்டத்தைக் கொடுத்தது பேரவை. கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தவர் வெற்றிசெல்வன்.

முதலில் தலைவருக்குச் செயலாளர் பொன்னாடை போர்த்தினார். பிறகு செயலாளருக்குத் தலைவர் அதே பொன்னாடையைப் போர்த்தினார். அது அப்படியே மேடை முழுக்கச் சுற்றி வந்து மடித்து வைக்கப்பட்டது. தலைவர் எழுந்தார்.

“சுவைஞர் பெருமக்களே! பேரவை தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பதினோரு ஆண்டுகளில் நாம் ஒரு மோசமான உணவகத்தில்கூடச் சாப்பிட்டதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். எந்த அமைப்பால் இப்படிச் சொல்ல முடியும்? காரணம் என்ன? நாம் எந்த உணவகத்திலும் சாப்பிட்டதில்லை. அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறோம்!”

கைதட்டல். அடைக்கலமும் தட்டினான். தட்டி முடித்தபிறகுதான் தலைவர் சொன்னது காதுக்குள் இறங்கியது.

“தஞ்சாவூர்ப் பயணத்தை மூன்று ஆண்டுகள் திட்டமிட்டோம். திட்டம் முழுமை அடைந்த அன்று, நாம் தேர்ந்தெடுத்த கடை மூடப்பட்டுவிட்டது. அதனால் என்ன? ஒரு கடை மூடியதற்கு எழுந்து நின்று இரங்கல் தீர்மானம் நிறைவேற்றிய அமைப்பு இந்த நாட்டிலேயே நாம்தான்!”

அடுத்து குழுத் தலைவர்கள் அறிக்கை தந்தார்கள். அசைவக் குழுவுக்குத் தலைவர் நாகராசு. மீன் என்று சொன்னாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் சுத்த சைவம். ஒருவேளை ஆள் மாறிவிட்டதோ என்று அடைக்கலம் பக்கத்தில் விசாரித்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

“இதுலதாங்க பேரவையோட நேர்மையே இருக்கு” என்றார் நாகராசு. “கறி திங்கிறவன் கையில அசைவக் குழுவைக் குடுத்தா அவன் ருசிக்கு அடிமையாயிருவான். எனக்கு அந்தப் பலவீனம் கெடையாது. எந்த ஆட்டுமேலயும் எனக்குத் தனிப்பட்ட பாசம் இல்ல.”

பானக் குழுவின் தலைவர் பெலிக்ஸ். அவருக்குப் பல்கூச்சம். சூடாகவும் குடிக்க மாட்டார், குளிர்ச்சியாகவும் குடிக்க மாட்டார். மதுரையில் ஜிகர்தண்டாவை வெதுவெதுப்பாகத் தருவார்களா என்று மூன்று கடைக்குப் போன் செய்து கேட்டதாகவும், மூன்று கடைக்காரர்களும் போனை வைத்துவிட்டதாகவும் அறிக்கை வாசித்தார். கடைக்காரர்களின் போக்குக்குக் கண்டனம் நிறைவேறியது.

பிறகு ஒரு சிக்கல் எழுந்தது. காலைச் சிற்றுண்டிக்கு முன்னால் குடிக்கும் தண்ணீர் சிற்றுண்டிக் குழுவின் கீழ் வருமா, பானக் குழுவின் கீழ் வருமா? மத்தியானம் முழுக்க இதுதான். தண்ணீர் பானம்தான் என்றார் பெலிக்ஸ். இட்லி விக்கிக்கொண்டால் யார் பொறுப்பு என்றார் சிற்றுண்டிக் குழுக்காரர். கடைசியில் தாகத்துக்குக் குடித்தால் பானம், விக்கலுக்குக் குடித்தால் சிற்றுண்டி என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

இதற்கிடையே ஒரு பிளாஸ்கில் டீ வந்தது. ஆளுக்குக் கால் டம்ளர், ஒரு மேரி பிஸ்கட். மேடைக்கு மட்டும் இரண்டு.

அடைக்கலம் மெதுவாகக் கையைத் தூக்கினான். “அய்யா, மதுரையில எந்தக் கடைக்குங்க போறோம்?”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தலைவர் கனிவாகச் சிரித்தார். “புதியவர். ஆர்வம் இருக்கிறது. தம்பி, கடைக்கு அவசரப்படக் கூடாது. அது கடைசியில் வருவது.”

வீட்டுக்கு வந்ததும் அன்புமொழி கேட்டாள்: “முடிவாயிருச்சா?”

“தண்ணி முடிவாயிருக்கு” என்றான் அடைக்கலம்.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். “பெரிய மனுசங்கதானே? நல்லாத்தான் செய்வாங்க” என்று அவனாகவே சொல்லிக்கொண்டான்.

பயணத்துக்கு முந்தின ஞாயிறு ஒத்திகை என்று தகவல் வந்தது. சாப்பாட்டுக்கு என்ன ஒத்திகை என்று அன்புமொழிக்குப் புரியவில்லை. ஆனாலும் ஒத்திகை என்றால் ஏதாவது கண்ணில் காட்டுவார்கள் என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல், நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

மண்டபத்தில் பந்தி போட்டிருந்தது. வாழை இலை விரித்திருந்தது. தண்ணீர் தெளித்துத் துடைத்தும் இருந்தது. பதவி வரிசைப்படி எல்லோரும் உட்கார்ந்தார்கள். குணசேகரன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

“சுவைஞர்கள் கவனத்துக்கு! இப்போது கூட்டு வைக்கப்படுகிறது. வலது கையால் இலையின் ஓரத்தைத் தொடவும். தொட்டாச்சா? இப்போது சோறு. சோற்றில் குழி பறிக்கவும். இன்னும் ஆழமாக. நாகராசு அய்யா, அது குழி மாதிரி இல்லையே.”

வெறும் இலையில் பன்னிரண்டு கைகள் குழி பறித்தன. அடைக்கலமும் பறித்தான். இல்லாத சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு தலைவர் கண்ணை மூடி, “உப்புக் கொஞ்சம் தூக்கல்” என்றார். உடனே மூன்று பேர் ஆமாம் என்றார்கள்.

அப்போதுதான் குணசேகரனுக்கு ஒரு குறை தெரிந்தது. பரிமாற ஆள் இல்லாமல் ஒத்திகை இயல்பாக இல்லை. அவர் கண் பந்தியைச் சுற்றி வந்து அன்புமொழிமேல் நின்றது.

“அம்மா, நீங்க சத்துணவுல இருக்கீங்கள்ல? அனுபவம் உள்ளவங்க. கொஞ்சம் எந்திரிச்சு வந்து பரிமாறுங்க.”

“எதைங்க?”

“அதான் பாவனையா.”

அன்புமொழி எழுந்தாள். காலி வாளியைத் தூக்கிக்கொண்டு, காலிக் கரண்டியால், காலி இலைகளுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே போனாள். “எனக்குக் காய் விழலை” என்றார் தலைவர். அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள். புருசன் இலைக்கு வந்ததும் குனிந்து, காதோரம் சொன்னாள்:

“இத்தன வருசமா சோத்தோட பரிமாறுனேன். சோறே இல்லாம பரிமாற வச்ச பெருமை ஒங்களுக்குத்தான்.”

திரும்பும்போது பஸ்ஸில் அவள் வாயே திறக்கவில்லை. திருவரங்குளம் தாண்டும்வரை அடைக்கலம் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டு வந்தான்.

ஒருவழியாகச் சனிக்கிழமை வந்தது. காலை ஆறு மணிக்கு வேன் கிளம்பும், எட்டரைக்கு மதுரையில் இட்லி என்பது திட்டம். ஐந்தரைக்கே அடைக்கலமும் அன்புமொழியும் புதுக்கோட்டைக்கு வந்து வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அன்புமொழி தலையில் மல்லிகைப்பூ. முகத்தில் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தாலும் வேனில் ஏறியதும் அது இறங்கிவிட்டது.

“நெசமாவே போறோம்ல?”

“போறோம் அன்பு.”

கொடியசைக்க ஒரு முன்னாள் வாரியத் துணைத் தலைவரை அழைத்திருந்தார்கள். அவர் வந்தது எட்டு மணிக்கு. வந்தவர், தனக்கும் இட்லிக்கும் உள்ள சம்பந்தத்தைப் பிறந்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். வேன் டிரைவர் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த கடைக்குப் போய் நாலு இட்லியும் ஒரு வடையும் தின்று, காபி குடித்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டு வந்தார். துணைத் தலைவர் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தார்.

கொடி அசைந்தபோது பத்தைத் தாண்டிவிட்டது. வேன் நகர்ந்ததும் குணசேகரன் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு சிறு அறிவிப்பு. பத்து மணிக்கு மேல் உண்ணப்படுவது காலைச் சிற்றுண்டி ஆகாது என்று நாம் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருக்கிறோம். எனவே காலைச் சிற்றுண்டி வெற்றிகரமாக நிறைவுபெறுகிறது. அந்தக் குழுவுக்கு நன்றி.”

வேனுக்குள் கைதட்டினார்கள். சத்தம் முன்னைப்போல் இல்லை.

திருமயத்தில் டயர் பஞ்சர். கோட்டைக்கு எதிரே சாலையோரம் வேன் நின்றது. பக்கத்துக் கடையில் உளுந்த வடையை எண்ணெயிலிருந்து அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசனை ஜன்னல் வழியாக ஏறி ஒவ்வொரு சீட்டாக விசாரித்துக்கொண்டு போனது. நாகராசு எச்சில் விழுங்கினார். பெலிக்ஸ் கண்ணாடியைச் சாத்தினார்.

“டயரு மாத்துறதுக்குள்ள ஆளுக்கு ரெண்டு வடை திண்டுருவோமே” என்றான் அடைக்கலம்.

உடனே வேனிலேயே அவசரக் கூட்டம் கூடியது. வடை சாப்பிடலாமா என்பதல்ல பிரச்சினை என்றார் தலைவர். எந்த வகையில் சாப்பிடுவது என்பதே பிரச்சினை. குணசேகரன் விதியை எடுத்துச் சொன்னார்: “நாம இன்னும் புதுக்கோட்டை மாவட்டத்தைத் தாண்டலை. மாவட்டத்துக்குள்ள சாப்பிட்டா அது பயண உணவு ஆகாது. உள்ளூர் உணவு. அதுக்கு நம்மகிட்டக் குழு இல்லை.”

“அப்ப மாவட்டத்தைத் தாண்டுன ஒடனே சாப்பிடலாமா?”

“தாராளமா.”

மத்தியானம் ஒரு மணிக்குத்தான் டயர் மாற்றியாயிற்று. வேன் மாவட்ட எல்லையைத் தாண்டியதும் எல்லோரும் ஆவலாக வெளியே எட்டிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் கருவேலங்காடு. இன்னொரு பக்கமும் கருவேலங்காடு. அதற்குப் பிறகு வந்த ஊர்களில், மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று குணசேகரன் வேனை நிறுத்த விடவில்லை.

அன்புமொழி கைப்பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து, சேலை முந்தானைக்குள் உடைத்து, பாதியைப் புருசன் கையில் திணித்தாள். “கட்சித் துரோகம்னு சொல்லிறப் போறாங்க, சத்தமில்லாமக் கடிங்க.” அவள் சிரித்தாள். அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது.

மதுரையில் பேரவை தேர்ந்தெடுத்திருந்த மெஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. உள்ளே கடைசிப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. அயிரை மீன் குழம்பு வாசனை தெருவரைக்கும் வந்தது. அன்புமொழி நேராக உள்ளே போகப் பார்த்தாள். குணசேகரன் கையைக் குறுக்கே நீட்டினார். முதலில் பேனர் கட்ட வேண்டும். பிறகு உரிமையாளருக்குப் பாராட்டு. பிறகுதான் உணவு.

கல்லாவில் இருந்தவர் ஒரு கையால் பில் வாங்கி, ஒரு கையால் சில்லறை கொடுத்து, ஒரு தோளால் போனை இடுக்கிக்கொண்டிருந்தார். பொன்னாடையோடு வந்த கூட்டத்தைப் பார்த்ததும், “நன்கொடையாண்ணே? மொதலாளி ஊருல இல்ல” என்றார். முதலாளி அவர்தான். சுவரில் மாட்டியிருந்த படத்தில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

நன்கொடை கேட்கவில்லை, கொடுக்க வந்திருக்கிறோம், அதுவும் பாராட்டு என்று புரிய வைப்பதற்குள் பாதிப் பந்தி எழுந்துவிட்டது. மீதிப் பாதி தலைவர் பேசும்போது எழுந்தது. “இந்த உணவகத்தின் மீன் குழம்பை நான் சுவைத்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன், இதற்கு ஈடு இணை கிடையாது. சுவைத்தபின் பாராட்டுவது யாராலும் முடியும். சுவைக்காமல் பாராட்டுவதற்குத்தான் துணிச்சல் வேண்டும்!”

அவர் பேசி முடித்து வேர்வையைத் துடைத்தபோது சப்ளையர் கடைசி இலையை எடுத்துக்கொண்டு போனார். “சாப்பாடு முடிஞ்சுபோச்சுண்ணே. இனிமே பரோட்டா மாவு தட்டுவோம். ஒரு அரைமணி நேரம் நின்னா சூடா வாங்கிக்கிறலாம்.”

பன்னிரண்டு முகங்களில் வெளிச்சம் அடித்தது. குணசேகரன் அதை அணைத்தார். பரோட்டா இரவு உணவுக் குழுவின் கீழ் வருவது. இரவு என்பது ஏழு மணி. இரவு உணவுக் குழுத் தலைவர் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று கந்தர்வகோட்டைக்குப் போயிருக்கிறார். அவர் இல்லாமல் பரோட்டாவைத் தொட முடியாது.

தங்குவதற்கு ஒரு சின்னக் கல்யாண மண்டபம் பிடித்திருந்தார்கள். எல்லோரும் ஜமுக்காளத்தில் சுருண்டார்கள். யாருக்கும் பேச்சு வரவில்லை, தலைவருக்கே வரவில்லை. விளக்குப் போடும் நேரத்தில் குணசேகரன் மண்டபத்தின் பின்பக்கம் போய்விட்டு உற்சாகமாகத் திரும்பினார். அங்கே ஒரு சமையலறை இருந்தது. அடுப்பு இருந்தது. சிலிண்டரும் இருந்தது. தலைவரிடம் குசுகுசுத்தார். தலைவர் எழுந்து துண்டைச் சரிசெய்தார்.

“சுவைஞர்களே! நெருக்கடியில்தான் ஓர் அமைப்பின் திறமை தெரியும். நமக்குள்ளேயே ஒரு சமையல் வல்லுநர் இருப்பதை மறந்துவிட்டோம். அன்புமொழி அம்மையார்! அரிசி பருப்பு வாங்கித் தந்தால், ஒரு சாம்பார் சாதம் போதும். எந்தக் குழுவின் அதிகாரத்திலும் இது குறுக்கிடாது. அம்மையாருக்கு நாளைக் காலை சிறப்புப் பாராட்டு.”

தலைகள் எல்லாம் அன்புமொழி பக்கம் திரும்பின. பசித்த முகங்கள். பாவமாகத்தான் இருந்தது. அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு பழக்கத்தில் கை தானாக முந்தானையை எடுத்து இடுப்பில் செருகியது.

அந்தக் கையைத்தான் அடைக்கலம் பார்த்தான். ஒத்திகை நாளில் வராத கோபம், கொடியசைப்பில் வராத கோபம், வடைக் கடையில் வராத கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. எழுந்தான்.

“வேண்டாங்க.”

“என்ன தம்பி?”

“இவ சமைக்கிறதுக்கு மதுரை எதுக்குங்க? வல்லத்திராக்கோட்டையிலயே அடுப்பு இருக்கே.”

இந்தப் பேரவையில் ஒருவர் ஒரே மூச்சில் பேசி முடிப்பது அதுவே முதல் தடவை. “பேரவை முடிவை மீறுறீங்க. அப்பிடின்னா விலகிக்கணும். விலகுறதுக்கு முப்பது நாள் முன்கூட்டியே சொல்லணும்” என்றார் குணசேகரன்.

“அப்ப முப்பது நாளுக்கு முன்னாடியே சொன்னதா வச்சுக்கங்க” என்றான் அடைக்கலம். “எந்திரி அன்பு.”

அவள் பையை எடுத்துக்கொண்டாள். செருகிய முந்தானையை உதறிவிட்டாள். படி இறங்கும்போது, “ஏங்க, எங்கிட்டுப் போறோம்?” என்று கேட்டாள்.

“தெரியல. வா, வெளிச்சம் இருக்கிற பக்கம் போவோம்.”

வெளிச்சம் அடுத்த தெருவிலேயே இருந்தது. எந்த வீடியோவிலும் வராத கடை. பெயர்ப்பலகையில் பாதிக்கு மேல் சைக்கிள் கடைக்காரன் டயர் தொங்கவிட்டிருந்தான். வாசலில் தோசைக்கல், உள்ளே நாலைந்து மேசை.

“ரெண்டு பேரா? அங்கிட்டு ஒக்காருங்கக்கா” என்றார் சப்ளையர்.

அன்புமொழி கல்லுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இலை வந்தது. தண்ணீர் வந்தது. என்ன இருக்கிறது என்று அடைக்கலம் கேட்டான். சப்ளையர் மூச்சு விடாமல் சொன்னதில் பாதி புரிந்தது. புரியாத பாதியில் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள் அன்புமொழி. மூன்று அடுக்காகக் கறி தோசை வந்தது. பிய்த்து வாயில் வைத்தாள். மென்றாள். அடைக்கலம் தான் பிய்த்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

“இதுல என்ன போட்டிருக்காங்கன்னே தெரியலீங்க” என்றாள். அவ்வளவு சந்தோசமாக அவள் எதுவும் தெரியாமல் இருந்து அவன் பார்த்ததில்லை.

பன் பரோட்டா வந்தது. சால்னாவை இலையிலேயே ஊற்றினார்கள். ஊற்றியது போதாமல் அவள் கையை நீட்டிக் காட்ட, இன்னொரு கரண்டி விழுந்தது.

அப்போது வாசலில் ஒரு நிழல். பெலிக்ஸ். உள்ளே வந்து, சுவரைப் பார்த்த மேசையில் உட்கார்ந்து, “ஜிகர்தண்டா கெடைக்குமா?” என்று ரகசியமாகக் கேட்டார். பக்கத்துக் கடையிலிருந்து வாங்கிக்கொடுத்தார்கள். பனிக்கட்டி மிதந்தது. பெலிக்ஸ் ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார்.

அடுத்து ஒரு குரல்: “கறி தோசையில கறி கம்மியாப் போடாம, நல்லாப் போட்டுக் குடுங்க.” நாகராசு. திரும்பினார். அடைக்கலத்தைப் பார்த்தார். மூக்கைப் பொத்துவதா கண்ணைப் பொத்துவதா என்று கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு இலைக்குத் திரும்பிவிட்டார்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் மாத்திரை வாங்க வந்தேன் என்றார். ஒருவர் வழி தவறிவிட்டேன் என்றார். மூன்றாவது ஆளுக்குக் காரணம் சொல்லப் பொறுமையில்லை; முட்டைப் பரோட்டா என்று மட்டும் சொன்னார். குணசேகரன் வந்து, எல்லோரையும் கண்காணிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டே இரண்டு ஆம்லெட்டுக்கு ஆர்டர் கொடுத்தார்.

கடைசியாகத் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் நுழைந்தார். இடம் இல்லை. அன்புமொழி பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, “இங்கிட்டு வாங்கண்ணே” என்றாள். துண்டு விலகியது. சுவைச் செம்மல் வெற்றிசெல்வன்.

கடை முழுக்கப் பேரவை. எல்லா வாயும் நின்றுவிட்டது. பழக்கதோசம் யாரை விட்டது? குணசேகரன் வாயில் ஆம்லெட்டோடு எழுந்து, “நம் தலைவர் அவர்களை இரண்டு வார்த்தை பேச...” என்று ஆரம்பித்தார். தலைவரின் கை துண்டைச் சரிசெய்யப் போனது.

“அண்ணே, பேசுறவுக வெளிய நின்னு பேசுங்க. ஆளுக காத்துக்கெடக்காக” என்றார் சப்ளையர், தலைவர் முன்னால் இலையைப் போட்டபடி.

தலைவர் வாசலைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். அதில் அப்போதுதான் ஒரு பரோட்டா விழுந்து ஆவி பறந்தது. உட்கார்ந்தார். பிய்த்தார். பேச அழைக்கப்பட்டும் அவர் பேசாமல் இருந்த நிகழ்ச்சி பேரவை வரலாற்றில் அது ஒன்றுதான். ரொம்ப நேரம் கழித்து, யாரிடமோ சொல்வது மாதிரி, “நல்லாருக்கு” என்றார். அதில் அடுக்குமொழி எதுவும் இல்லை.

அடைக்கலமும் அன்புமொழியும் கை கழுவிவிட்டு வெளியே வந்தார்கள். தெருவில் பூக்காரிகள் கூவிக்கொண்டிருந்தார்கள். பருத்திப்பால் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. அன்புமொழி அதைக் கைதட்டி நிறுத்தினாள். ரெண்டு டம்ளர் வாங்கி, ஊதி ஊதிக் குடித்தபடி கேட்டாள்:

“நாளைக்குக் காலையில எங்கங்க?”

அடைக்கலம் யோசித்துப் பார்த்தான்.

“தெரியலயே அன்பு.”

“அப்பாடா” என்றாள் அன்புமொழி.